புளியங்காட்டு ஊருக்குச் சாக்லேட் வந்த கதை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் இப்போதே படியுங்கள். மற்றவர்கள் சேமித்து வைத்து ஞாயிற்றுக்கிழமை படியுங்கள். கடைசியில் ஒரு பழைய கணக்கைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. அதனால் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

கோடை விடுமுறைக்குத் திண்டிவனம் வந்திருக்கும் என் பேத்தி, போன வாரம் அடுப்படியைத் தன் வசம் எடுத்துக்கொண்டாள். பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்று வாங்கி வைத்திருந்தோம். வாழைப்பழம், அன்னாசி, சப்போட்டா எல்லாம் தட்டில் வரிசையாக இருந்தன.

"என்னடி பண்ணப்போற?" என்றேன்.

"பழத்தையெல்லாம் சாக்லேட்ல முக்கி எடுத்து ஃப்ரிட்ஜ்ல வைக்கப்போறேன் ஆயா."

"பலாச்சுளைக்கு எதுக்குடி சாக்லேட்? அதுவே தேன் மாதிரி இருக்குது."

"பழம் நம்ம ஊரு, சாக்லேட் ஃபாரின். ரெண்டையும் சேர்த்தா புதுசா இருக்கும் ஆயா."

முப்பது வருஷத்துக்கு மேல் வரலாறு நடத்தியவளிடம் இப்படிச் சொன்னால் விடுவேனா? "அந்தத் தட்டுல இருக்கறதுல எதெல்லாம் நம்ம ஊரு, சொல்லு பார்ப்போம்" என்றேன். "எல்லாமே" என்றாள். அங்கே ஆரம்பித்ததுதான் இந்தப் பாடம்.

முதலில் தட்டைப் பார்ப்போம்.

பலா நம்முடையது, சந்தேகமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைதான் அதன் தாய்வீடு. வாழை தென்கிழக்கு ஆசியாவிலும் நியூ கினியாப் பக்கமும் தோன்றி, மிகப் பழங்காலத்திலேயே இங்கே வந்து நம்மோடு கலந்துவிட்டது. அன்னாசியின் பிறப்பிடம் தென் அமெரிக்கா. போர்ச்சுகீசியர் கப்பலில் வந்தது. சப்போட்டா மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். பப்பாளியும் அந்தப் பக்கத்துக்காரர்தான். கொய்யாவும் சீத்தாப்பழமும் அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்தவை. பண்ருட்டி முந்திரிக்குப் பூர்வீகம் பிரேசில்.

நம் மாவட்டத்தின் நிலக்கடலையும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததே. இன்று அதை வெளியூர்க்காரன் என்று சொல்ல யாருக்காவது மனசு வருமா? திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருப்பது உங்களுக்குத் தெரியும். அங்கே உருவான கடலை ரகங்களுக்கு டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று பெயர். அந்த மூன்று எழுத்தும் நம் ஊர்ப் பெயரின் சுருக்கம். 19-ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டுக் கடலை மாட்டு வண்டியில் புதுச்சேரிக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி, பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் எண்ணெயாகவும் சோப்பாகவும் ஆனது.

"அப்ப நம்ம ஊருக்குன்னு சொந்தமா எதுதான் ஆயா இருக்குது?" என்றாள் பேத்தி. "புளி இருக்குதே! ஊர் பேரே புளியங்காடுதானே?"

நல்ல கேள்வி. திந்திரிணி என்றால் வடமொழியில் புளி. திந்திரிணிவனம் திண்டிவனம் ஆயிற்று என்பார்கள். ஊரில் திந்திரிணீஸ்வரர் கோயிலும் இருக்கிறது. ஆனால் புளியமரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்கிறார்கள் தாவரவியலார். அது வந்த காலம் யாருக்கும் நினைவில்லாத அளவுக்குப் பழையது. அரபு வணிகர்கள் இங்கே பார்த்து 'இந்தியப் பேரீச்சை' என்ற பொருளில் 'தமர் ஹிந்தி' என்றார்கள். அதுவே ஐரோப்பிய மொழிகளில் புளியின் பெயரானது.

எவ்வளவு பழையது என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. சிறுபாணாற்றுப்படை, ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடிய நூல். திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில்தான் அவன் ஊர். அவனைத் தேடிப் போகும் பாணர்களுக்கு வழியில் எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று புலவர் சொல்லிக்கொண்டே போகிறார். வேலூரில் எயிற்றியர் சமைத்த, புளி சேர்ந்த சூடான சோறு கிடைக்குமாம். அந்த வேலூர், வானூர்ப் பக்கத்து உப்புவேலூர் என்பது அறிஞர்கள் கருத்து. ஆப்பிரிக்காவில் பிறந்த மரம், சங்க காலத்திலேயே நம் ஊர்ச் சோற்றில் கலந்துவிட்டது. அதன் பெயரை ஊருக்கே வைத்துக்கொண்டோம்.

ஆக, தட்டில் இருந்தவற்றில் முக்கால்வாசி விருந்தாளிகள். இனி சாக்லேட்டுக்கு வருவோம்.

சாக்லேட் என்பதும் ஒரு பழத்தின் கொட்டைதான் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. கோகோ மரத்தில் காய், பலா மாதிரியே அடிமரத்தில் ஒட்டிக் காய்க்கும். பழுத்த காயை உடைத்தால், சீத்தாப்பழத்தில் இருப்பது போல ஒவ்வொரு கொட்டையைச் சுற்றியும் வெள்ளைச் சதை. அது இனிப்பும் புளிப்புமாக இருக்கும். கொட்டையைச் சதையோடு குவித்து ஐந்தாறு நாள் புளிக்க வைத்து, வெயிலில் காயவைத்து, வறுத்து, தோல் நீக்கி அரைத்தால்தான் சாக்லேட் வாசனை வரும். புளிக்க வைக்காத கொட்டை வெறும் கசப்பு.

அமேசான் பகுதியில் தோன்றிய இந்த மரம், மெக்சிகோவின் மாயா, அஸ்டெக் மக்களிடம் பெரும் மதிப்புப் பெற்றது. அவர்கள் அதைத் தின்னவில்லை, குடித்தார்கள். மிளகாய் எல்லாம் சேர்த்து, நுரை பொங்க ஆற்றிக் குடிக்கும் கசப்புப் பானம். கொட்டை காசாகவும் செலாவணி ஆனது. 1502-இல் தன் நான்காம் பயணத்தில் கொலம்பஸ், ஹோண்டுராஸ் அருகே சரக்கு ஏற்றிய ஒரு படகைப் பிடித்தார். அதிலிருந்து சில கொட்டைகள் சிந்தியபோது படகுக்காரர்கள் பதறிப் பொறுக்கியதை அவர் மகன் எழுதி வைத்திருக்கிறார். ஏதோ பாதாம் போலிருக்கிறது என்று நினைத்தார்களே தவிர, அது காசு என்று அவர்களுக்குத் தெரியவில்லை. 1753-இல் லின்னேயஸ் இந்த மரத்துக்கு 'தியோப்ரோமா' என்று பெயர் வைத்தார். கடவுளரின் உணவு என்று பொருள்.

பானம் கட்டியானது 19-ஆம் நூற்றாண்டில். 1828-இல் நெதர்லாந்தின் வான் ஹூட்டன் கொட்டையிலிருந்து கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். 1847-இல் இங்கிலாந்தின் ஃப்ரை நிறுவனம் அந்தக் கொழுப்பைத் தூளோடும் சர்க்கரையோடும் மறுபடி கலந்து, கடித்துத் தின்னும் கட்டியாக அச்சில் வார்த்தது. 1875 வாக்கில் சுவிட்சர்லாந்தின் டேனியல் பீட்டர் பாலைச் சேர்த்தார். 1879-இல் லிண்ட், மணிக்கணக்கில் அரைத்து வழுவழுப்பாக்கும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். பழத்தை அதில் தோய்க்கலாம் என்ற எண்ணமெல்லாம் இதற்குப் பிறகுதான் வந்திருக்க முடியும்.

இந்தியாவுக்கு கோகோ முதலில் வந்த இடம் எது தெரியுமா? நம் தமிழ்நாட்டுக் குற்றாலம். 1796-இல் ஆங்கிலேயர் டச்சுக்காரர்களிடமிருந்து அம்போயினா தீவைக் கைப்பற்றினார்கள். 1798-இல் அங்கிருந்து கோகோவைக் கொண்டுவந்து குற்றாலத்துத் தோட்டங்களில் நட்டது கிழக்கிந்தியக் கம்பெனி. ஜாதிக்காய், கிராம்புக்கும் அதே இடத்தில்தான் சோதனை. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட 1799-க்கு முந்தைய ஆண்டு, அதே திருநெல்வேலிச் சீமையில் இது நடந்தது. ஆனால் அந்தக் கோகோ அங்கேயே நின்றுவிட்டது. நம் மக்களுக்குப் பரவவில்லை.

நம் மக்கள் வேறு வழியில் அதைத் தொட்டார்கள். 1869-க்குப் பிறகு இலங்கையில் காப்பிச் செடி நோயில் அழிந்தபோது, மாத்தளை, தும்பறைப் பக்கத் தோட்டத் துரைமார்கள் கோகோ போட்டார்கள். தோட்ட வேலைக்குக் கடல் தாண்டிப் போனவர்கள் தமிழர்கள். இந்தப் பக்கம் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளைப் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேற்றினார்கள். 'ஒரேலி' என்ற கப்பல் 1853-இல் மார்த்தினிக் தீவுக்கும், 1854 டிசம்பரில் குவாதலூப் தீவுக்கும் போய்ச் சேர்ந்தது. அடிமை முறை ஒழிந்ததால் ஆள் இல்லாமல் போன கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்த கதை அது. அந்தத் தீவுகளில் இன்றும் மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள். சாக்லேட்டின் இனிப்புக்குப் பின்னால் இருந்த சர்க்கரையில் நம் தென்னார்க்காட்டு வியர்வையும் உண்டு.

கோகோவின் கதையும் கைசுத்தமானதல்ல. மேற்கு ஆப்பிரிக்காவின் சாவோ தோமே தீவில் அடிமைகளைப் போலவே வேலை வாங்குகிறார்கள் என்று தெரிந்தும் வாங்கிக்கொண்டிருந்த ஆங்கிலேய சாக்லேட் நிறுவனங்கள், பெரும் சர்ச்சைக்குப் பிறகு 1909-இல்தான் அந்தக் கோகோவை நிறுத்தின. இன்று உலகக் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்டிலும் கானாவிலும் விளைகிறது. அங்கே குழந்தைத் தொழில் இன்னும் ஒழியவில்லை.

நம் நாட்டில் கோகோ ஒரு பயிராக வேர்விட்டது 1960களின் நடுவில், கேரளத்தில். 1948-இல் இறக்குமதி வியாபாரமாகத் தொடங்கிய கேட்பரி நிறுவனம் அங்கே சாகுபடியை ஊக்குவித்தது. 1980களின் தொடக்கத்தில் விலை சரிந்து விவசாயிகள் தவித்தபோது, மங்களூரின் காம்ப்கோ கூட்டுறவு கொட்டையைக் கொள்முதல் செய்தது. 1986-இல் புத்தூரில் சொந்தமாகவே சாக்லேட் ஆலை வைத்தது. இன்று பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் கோகோ ஊடுபயிர். அந்தப் பக்கத்திலேயே கொட்டையிலிருந்து கட்டி வரைக்கும் செய்யும் 'சாக்லெட்' என்ற தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். நம் வீட்டுக்குப் பக்கத்தில் என்றால், வானூர் வட்டத்து ஆரோவில்லில் 'மேசன் அண்ட் கோ' தென்னிந்தியக் கோகோவைக் கொண்டு சாக்லேட் செய்கிறார்கள். விழுப்புரம் மாவட்டத்தில் செய்த சாக்லேட்! பேத்திக்கு இது பெரிய செய்தி. "அப்ப இது ஃபாரின் இல்லியா ஆயா?" என்றாள்.

சரி, அடுப்படிக்குத் திரும்புவோம். அவளுடைய முதல் முயற்சி கெட்டுப்போனது. சாக்லேட்டை உருக்கிய பாத்திரத்தில், கழுவி ஈரம் போகாத அன்னாசித் துண்டைப் போட்டாள். வழவழவென்று இருந்தது சட்டென்று மண் மாதிரி திரண்டுவிட்டது. கோகோத் தூளும் சர்க்கரையும் கொழுப்பில் மிதப்பதுதான் உருகிய சாக்லேட். துளித் தண்ணீர் பட்டாலும் சர்க்கரை அதை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆகவே பழத்தை நறுக்கி, துணியால் ஒற்றி, மின்விசிறியடியில் அரை மணி நேரம் காயவிட வேண்டும். அன்னாசிக்கு இன்னும் அதிக நேரம். பலாச்சுளை கையோடு கைசேரும். கொட்டையை எடுத்துவிட்டு உள்ளே வறுத்த முந்திரி ஒன்றை வைத்தால் இன்னும் நன்றாக இருக்கிறது.

இரண்டாவது சிக்கல் நம் ஊர் வெயில். கோகோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரியில் உருகும். வாயில் போட்டதும் கரைவதன் ரகசியம் அதுதான். ஐரோப்பாவில் அது கல்லாக நிற்கும். அக்னி நட்சத்திரத்தில் திண்டிவனத்தில் எப்படி நிற்கும்? நல்ல சாக்லேட் பளபளப்பாக, உடைத்தால் சத்தம் வருமாறு உறைய வேண்டுமென்றால், கறுப்பு சாக்லேட்டை 45 முதல் 50 டிகிரி வரை உருக்கி, கிளறிக்கொண்டே 27 அல்லது 28-க்கு ஆறவிட்டு, மறுபடி 31, 32-க்குச் சூடாக்க வேண்டும். கோகோ வெண்ணெய் ஆறு விதமாக உறையக்கூடியது. அவற்றில் நமக்கு வேண்டிய ஒன்றை மட்டும் வரவழைக்கத்தான் இத்தனை பாடு. இல்லாவிட்டால் இரண்டு நாளில் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும்.

அந்தப் பாடு வேண்டாம் என்றுதான் கடைகளில் 'காம்பவுண்ட்' கட்டி விற்கிறார்கள். அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு. உருக்கித் தோய்த்தால் உடனே உறையும், விலையும் குறைவு. ஆனால் வாயில் மெழுகு மாதிரி ஒட்டும். பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். 2024 டிசம்பரில் கோகோ விலை உலகச் சந்தையில் டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டியது. அதன் பிறகு காம்பவுண்டின் காட்டில்தான் மழை.

இதைச் சொல்லும்போது எனக்கு ஒன்று உறைத்தது. என் தலைமுறையும் உங்கள் தலைமுறையும் 'சாக்லேட்' என்று தின்றதில் பெரும்பகுதி சாக்லேட்டே இல்லை. காகிதம் சுற்றியிருந்தால் அது சாக்லேட், சுற்றாவிட்டால் மிட்டாய். அவ்வளவுதான் நம் அகராதி. கடலூர்ப் பக்கத்து நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனம் 19-ஆம் நூற்றாண்டிலேயே சர்க்கரை ஆலை நடத்தியது. 1914-இல் தொடங்கியது அதன் மிட்டாய்த் தொழில். 2004-இல் அது கொரியாவின் லோட்டே நிறுவனத்தின் கைக்குப் போனது. நாம் தின்ற காஃபி பைட் அங்கிருந்து வந்ததுதான். நம் தென்னார்க்காட்டுக் கரும்பில் செய்த மிட்டாய்க்குச் சீமைப் பெயரிட்டு மரியாதை செய்தோம்.

இப்போது அந்தப் பழைய கணக்கு.

1990களின் தொடக்கம். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பு. பிறந்தநாள் வந்தால் பிள்ளைகள் கலர் டிரெஸ் போட்டுக்கொண்டு, வகுப்புக்கு ஆளுக்கொன்றும் டீச்சருக்கு இரண்டுமாகச் 'சாக்லேட்' கொடுப்பார்கள். ஒருநாள் ஒரு பெண் யூனிஃபார்மிலேயே வந்தாள். கையில் ஒரு தூக்குவாளி. திறந்தால் புளி மிட்டாய். கொட்டை நீக்கிய புளியையும் வெல்லத்தையும் உப்பு, மிளகாய், சீரகத்தோடு இடித்து உருட்டி, ஒவ்வொரு உருண்டையிலும் ஈர்க்குச்சி செருகியிருந்தது. அவள் அம்மா ராத்திரி உட்கார்ந்து செய்திருக்க வேண்டும். நாற்பத்தைந்து பிள்ளைகளுக்கு நாற்பத்தைந்து குச்சி.

வகுப்பு சிரித்தது. நான் அதட்டியிருக்க வேண்டும். செய்யவில்லை. "இதையெல்லாமா ஸ்கூலுக்குக் கொண்டு வருவாங்க? எடுத்து வச்சுட்டு உட்காரு" என்றேன். சாயங்காலம் அவள் அதே வாளியோடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போனதைப் பார்த்தேன். வாளி கனமாகத்தான் இருந்தது.

வரலாறு நடத்தும் டீச்சர் நான். மறுவாரமே கொலம்பஸ் பாடம் நடத்தியிருப்பேன், கலனி ஆதிக்கத்தைக் கண்டித்துப் பேசியிருப்பேன். ஆனால் எது உயர்ந்த தின்பண்டம், எது பிள்ளை கையில் இருக்கத் தகாதது என்று எனக்குள் ஒரு சீமை அளவுகோல் இருந்ததை அன்று நான் பார்க்கவில்லை. ஊர்ப் பெயரிலேயே இருக்கும் பழத்தை, அந்த ஊர்ப் பிள்ளை தன் பிறந்தநாளுக்குக் கொண்டு வந்தாள். நெல்லிக்குப்பத்து மிட்டாய்க்குக் கைநீட்டிய நான் அதை வாங்கவில்லை.

2017-இல் பிரேசிலின் சாவோ பாலோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பலாக்கொட்டையைப் புளிக்க வைத்துக் காயவைத்து வறுத்தால் சாக்லேட் மணம் வருகிறதாம். நம் பலாவைப் பிரேசிலுக்குக் கொண்டுபோனவர்களும் போர்ச்சுகீசியர்தான். நாம் குழம்பில் போட்டும் அடுப்பில் சுட்டும் தின்ற கொட்டையை அவர்கள் ஆய்வுக்கூடத்தில் வைத்து மதிக்கிறார்கள். வெளியூர்க்காரர் சொன்ன பிறகுதான் நம் வீட்டுப் பண்டத்தை நாம் மதிக்க வேண்டுமா என்று அப்போதும் அந்தத் தூக்குவாளிதான் நினைவுக்கு வந்தது.

இதைப் பேத்தியிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஆயா, அந்தப் புளி மிட்டாய் செய்யத் தெரியுமா?" என்றாள். செய்தோம். நூறு கிராம் புளி, அதே எடை வெல்லம், அரைத் தேக்கரண்டி சீரகம், அதே அளவு மிளகாய்த் தூள், கொஞ்சம் உப்பு. தண்ணீர் விடாமல் உரலில் இடித்து உருட்டி, ஒரு மணி நேரம் உலரவிட்டு, பாதி உருண்டைகளைக் கறுப்பு சாக்லேட்டில் தோய்த்தோம். ஆப்பிரிக்கப் புளி, அமெரிக்க மிளகாய், அமெரிக்கக் கோகோ, நம் ஊர் வெல்லம். பழத்தில் தோய்த்த எல்லாவற்றையும்விட அதுதான் ருசியாக இருந்தது. சாக்லேட் இல்லாத பாதியும் அதே அளவு ருசி.

அந்தப் பெண்ணின் பெயரை நான் மறக்கவில்லை. அவள் அனுமதி இல்லாமல் இங்கே எழுதுவது முறையல்ல. அந்த வகுப்பில் படித்தவர்கள் இதைப் படித்தால் உங்களுக்கு நினைவு வரும். அவளுடன் தொடர்பில் இருப்பவர்கள் இதை அவளிடம் காட்டுங்கள். அம்மா, அன்று நான் செய்தது தவறு. உன் அம்மாவிடமும் சொல். அவர் இருந்தால் நேரில் வந்து சொல்லவே விரும்புகிறேன்.

இப்போது ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பிறந்தநாளுக்குப் பிள்ளை எதைக் கொண்டு வந்தாலும் முதலில் நீங்கள் ஒன்றை எடுத்து வாயில் போடுங்கள். மற்ற பிள்ளைகள் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

எல்லோரும் நலமுடன் இருங்கள். திண்டிவனம் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். டப்பாவில் புளி மிட்டாய் இருக்கிறது.

உங்கள் வரலாறு டீச்சர்